டாக்டர் ஹூ அறுபதாம் ஆண்டுச் சிறப்புப் பகுதிகள்: நடுப்பகுதிக்கே என் ஓட்டு

'டாக்டர் ஹூ' தொடருக்கு அறுபது வயது நிறைந்ததை ஒட்டி 2023 நவம்பர் 25, டிசம்பர் 2, டிசம்பர் 9 ஆகிய நாள்களில் மூன்று சிறப்புப் பகுதிகள் வந்தன. அவற்றைப் பற்றி எங்களுக்குள் நடக்கும் வழக்கு இன்னும் தீரவில்லை. எங்களுக்குள் என்றால் நால்வர்: அழகாபுரத்தில் இருக்கும் நான், பொறியியல் படிக்கும் என் அக்கா மகன், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதும் தோழி, அஸ்தம்பட்டியில் வசிக்கும் ஓய்வுபெற்ற நூலகர். நால்வருக்கும் நான்கு தீர்ப்பு. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பகுதி அன்பானது, அவசரமானது. மூன்றாவது பகுதியின் முதல் பாதி அபாரம், மறுபாதி சறுக்கல். நடுவில் வரும் 'வைல்டு ப்ளூ யாண்டர்' இந்தத் தொடர் தந்த மிகச் சிறந்த ஒரு மணி நேரங்களில் ஒன்று.

தொடரைப் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாக: டாக்டர் என்பவர் வேற்றுக்கிரகவாசி. வெளியில் நீல நிறக் காவல் பெட்டியாகவும் உள்ளே மாளிகையாகவும் இருக்கும் டார்டிஸ் என்ற வாகனத்தில் காலத்தையும் வெளியையும் கடந்து போகிறவர். சாகும் தறுவாயில் உடல் மாறி வேறொருவராக எழுவார். அதனால்தான் நடிகர்கள் மாறி மாறி வந்தும் தொடர் நிற்கிறது. பிபிசியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கி, 1989-இல் நின்று, 2005-இல் ரஸ்ஸல் டி. டேவிஸ் கையில் மறுபடி உயிர்பெற்றது. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர் என்பதை நூலகர் ஐயா யாரிடமும் சொல்லாமல் விடமாட்டார். கூடவே இன்னொன்றும் சொல்வார்: நம் ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் 1952-லேயே அமெரிக்கர்களோடு சேர்ந்து, அழிந்துபோன, உடலெங்கும் ரோமம் அடர்ந்த மாமத் யானைகள் வரும் படம் எடுத்தது, ஆகவே அறிவியல் புனைவு சேலத்துக்கு அந்நியச் சரக்கு அன்று. எனக்கும் அதில் பெருமை உண்டு.

சிறப்புப் பகுதிகளுக்கு டேவிஸ் திரும்பி வந்தார். பத்தாம் டாக்டராக ரசிகர்களைக் கட்டிப்போட்ட டேவிட் டெனன்ட், பதினான்காம் டாக்டராகத் திரும்பி வந்தார். அவருடைய பழைய பயணத் துணை டோனா நோபிளாக கேத்தரின் டேட்டும் வந்தார். 2008-இல் டோனாவின் கதை முடிந்த விதம் பலருக்கு ஆறாத புண். டாக்டரின் அறிவு அவள் மூளைக்குள் புகுந்துவிட்டது. அதை அவள் தாங்கமாட்டாள் என்பதால், அவரோடு பயணம் செய்த நினைவு முழுவதையும் அவரே அழித்தார். நினைவு திரும்பினால் சாவாள். இந்த முடிச்சைத்தான் முதல் பகுதியான 'தி ஸ்டார் பீஸ்ட்' அவிழ்க்கிறது.

அவிழ்த்த விதத்தில்தான் சண்டை. லண்டனைக் காப்பாற்ற வேண்டுமானால் டோனாவுக்கு நினைவு திரும்பியாக வேண்டும். கண்ணாடித் தடுப்பின் இரு பக்கமும் அவளும் டாக்டரும் நிற்கும் காட்சியில் கேத்தரின் டேட்டின் முகத்தைப் பாருங்கள். பயமும் துணிவும் ஒரே நேரத்தில் ஏறி நிற்கின்றன. அவ்வளவு உயரத்துக்கு ஏற்றிவிட்டு, அந்தச் சக்தியில் பாதி மகள் ரோஸுக்குப் பிறப்பிலேயே போய்விட்டது, மிச்சத்தை இருவரும் விட்டுவிடலாம் என்று முடிக்கிறார்கள். "பதினைந்து ஆண்டு முடிச்சை இரண்டு வசனத்தில் அவிழ்த்துவிட்டார்கள், சித்தி" என்றான் அக்கா மகன். அவன் கோபம் நியாயமானது. ரோஸுக்கு அதில் பங்கு உண்டு என்பதற்கு விதை நன்றாகவே ஊன்றியிருந்தார்கள்: கொட்டகையில் அவள் தைத்து வைத்திருக்கும் துணிப் பொம்மைகள் எல்லாம் தாய் மறந்துபோன அந்தப் பயணங்களில் கண்ட உருவங்கள். அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் விட்டுவிடுவது மட்டும் போதும் என்றால் 2008-இல் ஏன் விட முடியவில்லை? கேள்விக்குப் பதில் இல்லை.

ரோஸ் ஒரு திருநங்கை. அதற்காகவே இந்தப் பகுதியைத் திட்டியவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. பேத்தியைப் பற்றிப் பேசும்போது தான் சரியாகச் சொன்னேனா என்று பாட்டி சில்வியா தடுமாறும் சிறிய இடம், ராட்சத விண்கலக் காட்சிகளைவிட உண்மையாக இருந்தது. ஜாக்குலின் கிங் அதைச் செய்திருக்கும் விதம் அழகு. பெரிய கண்களும் வெள்ளை ரோமமுமாக வரும் மீப் என்ற பிராணியையும் சொல்ல வேண்டும். 1980-இல் வந்த சித்திரக்கதையிலிருந்து எடுத்தது. மிரியம் மார்கோலிஸ் குரலில் கொஞ்சலாகத் தொடங்கிக் கொடூரமாக மாறுகிறது. குழந்தைகளோடு பார்க்க மூன்றில் இதுவே ஏற்றது.

இரண்டாவதை ஏற்காட்டில் தோழி வீட்டில் பார்த்தோம். லண்டனில் சனிக்கிழமை மாலை என்றால் நமக்கு நள்ளிரவு. பிற்பகலிலேயே இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய்ச் சேர்ந்தோம். டிசம்பர் பனி சன்னலை மூடியிருந்தது. அந்தப் பகுதிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

கதையில் இருப்பவர்கள் ஏறக்குறைய இருவர் மட்டுமே. டோனா கொட்டிய காப்பியால் பழுதான டார்டிஸ், அவர்களைப் பிரபஞ்சத்தின் விளிம்பில் மிதக்கும் ஒரு கப்பலில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. நட்சத்திரம் இல்லை, ஒளி இல்லை. முடிவில்லாமல் நீளும் நடைவழி. அதில் ஓர் அடி வைத்து நின்று, வெகுநேரம் கழித்து அடுத்த அடி வைக்கும் துருப்பிடித்த இயந்திர மனிதன். பிறகு டாக்டரைப் போலவே ஒரு டாக்டரும் டோனாவைப் போலவே ஒரு டோனாவும் வருகிறார்கள். கைகள் மட்டும் நீளம் கூடுதலாக இருக்கின்றன. வெளியிலிருந்து வந்த அந்த இரண்டும், இவர்களின் உடலையும் நினைவையும் படித்துப் படித்து இவர்களாகவே ஆகின்றன. எதிரே நிற்பவர் உண்மையானவரா என்று தெரியாமல் இருவரும் பேசும் காட்சிகளில் எங்கள் அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் டாக்டர் தவறான டோனாவை அழைத்துக்கொண்டு, உண்மையான டோனாவை எரியப்போகும் கப்பலில் விட்டுவிட்டுக் கிளம்புகிறார். கையின் நீளத்தில் மயிரிழை வேறுபாட்டைக் கண்டுதான் திரும்புகிறார். டோனா உட்கார்ந்து சாவுக்குக் காத்திருக்கும் அந்த முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

இந்தப் பகுதி பலருக்கு ஏமாற்றம் தந்தது என்பதும் உண்மை. முன்கூட்டி எதுவும் வெளியிடாமல் ரகசியமாக வைத்திருந்ததால், பழைய டாக்டர்கள் யாராவது வந்து நிற்பார்கள் என்று வதந்தி பரவியது. வரவில்லை. அறுபதாம் ஆண்டுக் கொண்டாட்டத்தில் கொண்டாட்டமே இல்லையே என்று நூலகர் ஐயா வருந்தினார். 2013-இல் ஐம்பதாம் ஆண்டுப் பகுதியில் டெனன்டும் மேட் ஸ்மித்தும் ஜான் ஹர்ட்டும் ஒன்றாக நின்றதைப் பார்த்தவருக்கு அந்த வருத்தம் இயல்பு. அவர் மேல் எனக்கு மரியாதை அதிகம். ஆனாலும் இதில் அவரோடு உடன்பட முடியவில்லை. 1963-இல் இந்தத் தொடரிடம் இருந்தவை சின்ன அரங்கு, சில நடிகர்கள், ஒரு பயங்கரமான யோசனை மட்டுமே. அதே மூன்றையும் வைத்துக்கொண்டு நிற்கும் பகுதியைவிடச் சிறந்த நினைவுகூரல் எது?

ஓர் இடத்தில் டாக்டர் தரையில் உப்பைக் கோடாகக் கொட்டி, எண்ணி முடிக்காமல் உங்களால் தாண்ட முடியாது என்று அந்த உருவங்களை நம்ப வைக்கிறார். அவையும் தயங்கி நிற்கின்றன. திருஷ்டி கழிக்க உப்பைச் சுற்றி அடுப்பில் போடும் வீடுகளில் வளர்ந்த நமக்கு அந்தக் காட்சிக்கு விளக்கமே வேண்டாம். பிரபஞ்சத்தின் சுவர் மெலிந்த இடத்தில் ஒரு மூடநம்பிக்கையை அழைத்துவிட்டேனே என்று பிறகு அவர் கலங்குகிறார். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள் நான். விதிகள் முடியும் விளிம்பில் நம்பிக்கைக்கு வலிமை வந்துவிடும் என்ற கற்பனை என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது. தொடக்கத்தில் ஐசக் நியூட்டன் வரும் துண்டுக் காட்சி மட்டும் தேவையில்லாத ஒட்டு.

முடிவில் டோனாவின் தாத்தாவாக பெர்னார்ட் கிரிபின்ஸ் சக்கர நாற்காலியில் வருகிறார். 1966-லேயே இந்தத் தொடரை ஒட்டி வந்த திரைப்படத்தில் நடித்தவர். இந்தக் காட்சியை நடித்துக்கொடுத்துவிட்டு, அது வெளிவரும் முன் 2022 ஜூலையில் மறைந்தார். தோழி அழுதார். நானும் அழுதேன்.

மூன்றாவது 'தி கிகிள்'. 1925-இல் ஜான் லோகி பெயர்ட் தொலைக்காட்சிச் சோதனையில் ஒரு பொம்மைத் தலையைப் படம்பிடித்தது வரலாறு. அந்தப் பொம்மையின் சிரிப்பு ஒவ்வொரு திரைக்குள்ளும் ஒளிந்திருந்து, உலகத்தில் எல்லாரையும் 'நான் சொல்வதே சரி' என்று நம்ப வைக்கிறது என்பது கதை. தெருவெல்லாம் அடிதடி. மிகக் கூர்மையான கற்பனை. செய்தவன் பொம்மைக்காரன். 1966-இல் மைக்கேல் காஃப் நடித்த பழைய வில்லன். அந்தக் கதையின் நான்கு பகுதிகளில் கடைசி ஒன்றுதான் இன்று படமாக மிஞ்சியிருக்கிறது. பிபிசி அழித்துவிட்ட பழைய ஒளிப்பதிவுகளில் இன்னும் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவை கிடைக்கவில்லை. அத்தனை படம் எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடத்தில் நுழைவாயில் வளைவை மட்டும் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்த இழப்பின் எடை தெரியும். அந்தப் பழைய கதையில் மிஞ்சிய துண்டுகளுக்கு வண்ணம் ஏற்றி இந்தப் பகுதியில் சேர்த்திருப்பதைக் கண்டு நூலகர் ஐயா கைகூப்பினார்.

நீல் பாட்ரிக் ஹாரிஸ் பொம்மைக்காரனாக ஆடி, பாடி, உயிருள்ளவர்களைப் பந்துகளாக மாற்றி மிரட்டுகிறார். பிறகு டாக்டர் சுடப்படுகிறார். உடல் மாற வேண்டிய நேரத்தில் உடல் இரண்டாகப் பிரிகிறது. பழையவர் அப்படியே இருக்க, புதியவராக ஷூட்டி கட்வா அருகில் நிற்கிறார். இருவரும் பந்து பிடிக்கும் ஆட்டத்தில் பொம்மைக்காரனைத் தோற்கடிக்கிறார்கள். அவ்வளவு பெரிய எதிரிக்கு இவ்வளவு சிறிய தோல்வி. பழைய டாக்டர் டோனா குடும்பத்தோடு தோட்டத்தில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிடுகிறார்.

"ஒருவர் போனால்தானே மற்றவர் வர முடியும்? போகாமலே வரலாம் என்றால், முன்னால் போனவர்களுக்காக நாம் அழுததற்கு என்ன பொருள்?" என்று கேட்டான் அக்கா மகன். "அவர் எவ்வளவு காலம்தான் ஓடிக்கொண்டே இருப்பார்? உட்காரட்டுமே, தம்பி" என்றார் தோழி. உட்காரட்டும் என்பதில் நானும் தோழியின் பக்கமே. அந்த மேசைக் காட்சியில் டெனன்ட் முகத்தில் வரும் நிம்மதி உண்மையானது. என் வருத்தம் வேறு. கட்வா ருவாண்டாவில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்தவர். திரையில் தோன்றிய நொடியே அந்த இடத்தை ஒளியால் நிறைக்கிறார். முழுநேர டாக்டராகத் தொடரை ஏற்ற முதல் கறுப்பின நடிகர். அவர் பிறக்கும் நேரத்தில் அரங்கம் முழுவதும் அவருக்கே சொந்தமாக இருந்திருக்க வேண்டும். பழைய நாயகனுக்கு ஆறுதல் சொல்லவும் அணைத்துக்கொள்ளவும் அவரை நிறுத்திவிட்டார்கள். ஆளுக்கொரு டார்டிஸ் கிடைத்தும், கதையின் கண் டெனன்டிடமே இருக்கிறது.

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வெளியே இவை டிஸ்னி பிளஸ் வழி வெளியாயின. பணம் கொட்டியிருப்பது படத்தில் தெரிகிறது. ஆங்கில வசனம் வேகமாக ஓடும். திரையில் ஓடும் வசன எழுத்துகளின் (சப்டைட்டில்) துணையோடு பாருங்கள். முதல் பகுதியின் தொடக்கத்தில் டாக்டரும் டோனாவும் நேராக நம்மைப் பார்த்து முன்கதை சொல்கிறார்கள். தகவல் புரியும், வலி புரியாது. ஆகவே 2008-இல் டோனா வரும் பருவத்தை (சீசனை) பார்த்துவிட்டு இந்த மூன்றுக்கும் வாருங்கள். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள், 2023 கிறிஸ்துமஸ் அன்று வந்த 'தி சர்ச் ஆன் ரூபி ரோடு' பகுதியிலிருந்து தொடங்கலாம். கட்வா அதில் யாருக்கும் இடம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.