துப்பாக்கி அனுமதிப்பத்திர முகவர் வேலை என்று சொல்லி மூன்று இலட்சத்து எண்பதாயிரம் ரூபாவை வாங்கிக்கொண்டார்கள்

துப்பாக்கி அனுமதிப்பத்திர விதிகள் மாறுகின்றன, அதில் புதிய தொழில் வாய்ப்பு இருக்கிறது என்று யாழ்ப்பாணத்தில் யாராவது உங்களிடம் பணம் கேட்டால், தயவுசெய்து ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நகரில் மேல்மாடி ஒன்றில் இயங்கும் தொழில் ஆலோசனை நிலையம் ஒன்று இதே கதையைச் சொல்லி என்னிடம் மூன்று இலட்சத்து எண்பதாயிரம் ரூபாவை வாங்கிக்கொண்டு, இப்போது என் தொலைபேசி அழைப்பைக்கூட எடுப்பதில்லை. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

அவர்கள் முழுப் பொய்யோடு வரவில்லை என்பதுதான் இதில் மிகக் கொடுமையானது. தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு 2024 இன் இறுதியில் கேட்டது உண்மை. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருப்பதும், அனுமதிப்பத்திரம் ஒவ்வொன்றும் டிசம்பர் 31 உடன் முடிவடைவதால் அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருப்பதும் உண்மை. இந்த உண்மைகளை ஒரு கருத்தரங்கில் திரையில் காட்டிவிட்டு, அவற்றின் முடிவில் தங்கள் பொய்யைச் சேர்த்தார்கள். இனிமேல் புதுப்பித்தல் விண்ணப்பங்கள் மாவட்டத்துக்கு ஒருவர் என நியமிக்கப்படும் தனியார் முகவர்கள் ஊடாகவே போகும் என்றும், துப்பாக்கி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட இரும்புப் பெட்டி வாங்கியே ஆகவேண்டும் என்றும், அந்தப் பெட்டிகளை விற்கும் உரிமையும் முகவருக்கே என்றும் சொன்னார்கள். பன்றியும் குரங்கும் யானையும் பயிரை அழிக்கும் வன்னியில் எத்தனை விவசாயிகள் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, அந்தக் கணக்கை எங்களையே போடவும் வைத்தார்கள்.

நான் சுன்னாகத்தில் போட்டோப் பிரதிக் கடை வைத்திருக்கிறேன். விண்ணப்பப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பது என் அன்றாட வேலை என்பதால், எனக்குப் பொருத்தமான தொழில் இதுவென்றே பட்டது. ஆனாலும் நான் பணத்தைக் கொடுத்தது அந்தக் கணக்கை நம்பி அல்ல. நிலையத்தின் பொறுப்பாளர் என் அப்பாவின் பெயரைக் கேட்டதும் கதிரையை விட்டு எழும்பி, "உங்கட அப்பாவிட்டத்தான் நான் கணக்குப் படிச்சனான், தம்பி. சேரின்ர பிள்ளைக்குத் துரோகம் செய்துபோட்டு நான் ஊரில தலைகாட்டேலுமே?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பேச்சுக்குப் பிறகு ரசீதில் என்ன எழுதப்படுகிறது என்று நின்று வாசிக்கும் மனநிலையில் யார் இருப்பார்கள்? அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த பணமும் கனடாவிலிருந்து அக்கா அனுப்பிய பணமும் சேர்ந்ததுதான் அந்த மூன்று இலட்சத்து எண்பதாயிரம் ரூபா.

நியமனக் கடிதம் வரவில்லை. கேட்டபோது வர்த்தமானி வெளிவரவேண்டும் என்றார்கள். பிறகு, கொழும்பில் ஒரு கையொப்பம் மட்டும் மிச்சம் என்றார்கள். பொறுப்பாளர் எப்போதும் கூட்டத்தில் இருந்தார். முன்மேசையில் இருந்த பிள்ளை, பாவம், ஒவ்வொரு முறையும், "சேர் வந்தவுடன எடுக்கச் சொல்லுறன், அண்ணா" என்று ஒரே வார்த்தையையே சொன்னது. கடைசியில் அவரை நேரில் கண்டபோது, அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், ரசீதில் 'பயிற்சிக் கட்டணம், மீளளிக்கப்படமாட்டாது' என்று எழுதியிருந்த வரியை விரலால் சுட்டிக் காட்டினார். கருத்தரங்கில் இருந்த அரை நாள்தான் அந்தப் பயிற்சியாம்! அன்றிரவே வட்ஸ்அப்பில் என்னைத் தடைசெய்துவிட்டார்.

மாவட்டச் செயலகத்தில் விசாரித்தபோது, அப்படியொரு முகவர் முறையே இல்லை என்று தெளிவாகச் சொன்னார்கள். பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி வைத்திருப்பவர் தன் விண்ணப்பத்தைத் தானே கொடுக்கிறார். அதற்கிடையில் தனியார் எவருக்கும் இடமில்லை. மூன்று இலட்சத்து எண்பதாயிரம் ரூபாவுக்கு அவர்கள் எனக்கு விற்றது நாட்டில் இல்லாத ஒரு பதவியை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. பணம் கொடுக்க முன்னர் மாவட்டச் செயலகத்தில் கேளுங்கள். வர்த்தமானி என்றால் அதன் இலக்கத்தையும் திகதியையும் எழுத்தில் வாங்குங்கள். பாதுகாப்புச் சேவை நிறுவனம் தொடங்கித் தருகிறோம் என்றும் இவர்கள் பேசுகிறார்கள். அதற்கு 1998 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு அமைச்சில் பதிவு வேண்டும், ஆலோசனை நிலையத்தின் சான்றிதழ் எதற்கும் உதவாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் ரசீதையும் குரல் பதிவுகளையும் அழிக்காமல் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் அறிவியுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சியில் இதே கருத்தரங்கை நடத்தப்போவதாக அவர்களது துண்டுப்பிரசுரம் ஒன்று இன்று காலை என் கடைக்கே பிரதியெடுக்க வந்தது. அங்கே உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.