மிஸ்டர் லிங்கன்: மணத்துக்காகவே ஒரு சிவப்பு ரோஜா

முதலில் வாங்கிய செடியில் 'மிஸ்டர் லிங்கன்' என்று அட்டை கட்டியிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து அதில் மலர்ந்ததோ மணமே இல்லாத இளஞ்சிவப்புப் பூ. அடுத்த முறை பூவோடு நின்ற செடியை முகர்ந்து பார்த்தே வாங்கினேன். கோவையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அதற்கு இப்போது மூன்று வயது.

அமெரிக்காவில் ஸ்விம், வீக்ஸ் என்ற இருவர் உருவாக்கி 1964-இல் வெளிவந்த ஹைப்ரிட் டீ வகை (நீண்ட காம்பில் பெரிய பூ விடும் கலப்பின ரோஜாப் பிரிவு) இது. மறு ஆண்டே அகில அமெரிக்க ரோஜாத் தேர்வு விருதையும் பெற்றது. பிரான்சின் பாப்பா மெய்லண்ட் ரோஜாவுக்கும் இதற்கும் தாய் தந்தை வகைகள் ஒன்றே என்பதால், கருஞ்சிவப்பும் மணமும் குடும்பச் சொத்து என்றே சொல்லலாம்.

மொட்டு ஏறக்குறையக் கறுப்பாகவே தெரியும். இதழ் விரியத் தொடங்கியதும் வெல்வெட்டுத் துணியின் மினுமினுப்போடு சிவப்பு வெளிப்படும். மார்கழிக் காலையில் பூவருகே குனிய வேண்டியதில்லை, மாடிக் கதவைத் திறந்தாலே மணம் வந்துவிடும். ஆனால் பெரும்பாலும் ஒரு காம்புக்கு ஒரு பூதான் என்பதால், அன்றாடப் பூசைக்குப் பூப்பறிக்க விரும்புவோர் பன்னீர் ரோஜாவை வைத்துக்கொள்வதே நல்லது. மூன்றாம் நாளில் இதழ்கள் நாவற்பழச் சாயலுக்கு மாறிவிடுவது எனக்கும் பிடிக்கவில்லை.

சித்திரை வெயிலில் பூ பாதியாகச் சிறுத்து இதழோரம் கருகும். அக்காலத்தில் இலைச்சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்திப் பேனும் சேர்ந்துகொள்ளும். இலையின் அடிப்புறத்தில் வாரம் இருமுறை தண்ணீரைப் பீய்ச்சியடித்ததே எனக்குப் பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. செடி ஆள் உயரத்துக்கு எழும்பி, கீழ்ப்பகுதி இலையின்றி நிற்கும் ஆகையால் சிறிய தொட்டி இதற்கு ஒத்துவராது. 10 அங்குலத் தொட்டியில் சோர்ந்து கிடந்த செடி, செம்மண்ணும் தொழுவுரமும் தென்னைநார்க் கழிவும் கலந்த 16 அங்குலத் தொட்டிக்கு மாறிய பிறகே தேறியது. ஐப்பசி மழை ஓயும் தறுவாயில் கவாத்து செய்தால் (கிளைகளை வெட்டிவிட்டால்) ஏறத்தாழ 45 நாளில் பூக்கிறது.

ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே கிளம்பும் துளிரை மட்டும் உடனுக்குடன் அகற்றிவிட வேண்டும். எவ்வளவு செழிப்பாக வளர்கிறது என்று மகிழ்ந்து நான் விட்டுவைத்த தண்டு, ஒட்டுக்கு வேராக இருக்கும் வேறு வகை அடிச்செடியினுடையது. அதை வெட்டியெறிந்த பிறகும் இரண்டு மாதம்வரை லிங்கன் ஒரு மொட்டுகூட வைக்கவில்லை.