ஸ்லாக்கா, க்ளிக்கா: பாட் எழுத எது வசதி?

பாளையங்கோட்டையில் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் மென்பொருள் குழு, அலுவலக வேலைக்கு ஒரு பாட் (அரட்டைச் செயலிக்குள் தானாக இயங்கும் நிரல்) எழுத நினைத்தால், ஸ்லாக், க்ளிக் என்ற இரண்டு அலுவலக அரட்டைச் செயலிகளில் க்ளிக்கில் தொடங்குங்கள் என்பேன். தென்காசி மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோவின் தயாரிப்பு அது. சோஹோவின் சொந்த நிரல்மொழியான டெலூஜில் எழுதும் நிரல் அவர்கள் சர்வரிலேயே ஓடும். ஆனால் டெலூஜ் கற்றது சோஹோ தயாரிப்புகளுக்கு வெளியே உதவாது.

ஸ்லாக்கில் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் எது வேண்டுமானாலும் சரி. பாட் காட்டும் பொத்தானை யாராவது அழுத்தினால், 3 வினாடிக்குள் நம் நிரலிடமிருந்து ஸ்லாக்குக்கு ‘கிடைத்தது’ என்று ஒப்புகை போயாக வேண்டும். நீளமான வேலை என்றால் முடிவை அப்புறம் அனுப்பலாம். சாக்கெட் மோடில் (நம் நிரலே ஸ்லாக்குடன் இணைப்பைத் திறந்து வைத்திருக்கும் முறை) பொது இணைய முகவரியே தேவையில்லை, லேப்டாப்பிலேயே சோதிக்கலாம், அது பெரிய நிம்மதி. ஆனால் அப்படி ஓடும் ஆப்பை ஸ்லாக்கின் ஆப் சந்தையில் பட்டியலிட முடியாது. வெளியூர் வாடிக்கையாளருக்கு விற்பதுதான் திட்டமென்றால், சொந்தமாக சர்வர் வைக்கும் செலவை ஏற்றுக்கொண்டு ஸ்லாக்குக்கே போங்கள்.