சாங்க்ரி ஸ்னோ ட்ரெக்: முன்பணம் கட்டும் முன் இதைப் படிச்சிடுங்க

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஆபீஸ் போட்டு இமயமலை ஸ்னோ ட்ரெக்குக்கு ஆள் சேர்க்கும் ஒருத்தரிடம், போன ஜனவரியில் நானும் என் மச்சானும் தலைக்கு 18,500 ரூபாய் கட்டினோம். விமானக் கட்டணம் தனி. புகார் நிலுவையில் இருப்பதால் பெயர் எழுதவில்லை. சான்றிதழ் வாங்கிய கைடு, இன்சூரன்ஸ், பனிச்சரிவு மீட்புக் கருவி எல்லாம் பேக்கேஜில் அடக்கம் என்று நோட்டீஸில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்.

டேராடூனில் இருந்து உத்தரகாசி மாவட்டத்துச் சாங்க்ரிக்கு ஒரு பகல் முழுக்க வண்டி. அங்கே வந்து நின்ற 'கைடு' நம்ம ஓசூர்ப் பையன், பனியைப் பார்ப்பது அவனுக்கு இரண்டாவது தடவையாம். நல்ல பையன்தான், அவன் மேல் எனக்குக் கோபமில்லை.

அதற்கு முந்தைய இரண்டு நாளும் பனி கொட்டியிருந்தது, கூடவே காற்று. மூன்றாம் நாள் பளிச்சென்று வெயில் அடித்ததும் கிளம்பச் சொன்னார்கள். புதுப்பனி விழுந்து ஓய்ந்த அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் மோசம் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். காற்று வாரிக்கொண்டு வந்து மேட்டுக்கு மறுபக்கம் குவித்த பனி பலகை மாதிரி இறுகிக் கிடக்கும், அடியில் பிடிப்பிருக்காது. 30 முதல் 45 டிகிரி சரிவாக இருந்தால் ஒரு ஆள் கால் வைத்தாலே மொத்தமாகக் கழன்று வரும்.

ஒரு மணி நேரம் ஏறியிருப்போம். காலடியில் 'தொம்' என்று ஒரு சத்தம், நெல் மூட்டையை லாரியிலிருந்து தள்ளிய மாதிரி. எனக்கு முன்னால் பனியில் ஒரு விரிசல் ஓடியது. மூட்டை தூக்க வந்த உள்ளூர்ப் பெரியவர் நின்றுவிட்டார். தடியால் முழங்கால் ஆழத்துக்குக் குத்திப் பறித்தார். மேல்பனி கட்டி தட்டியிருந்தது. அடியிலிருந்து ஒரு கை அள்ளி என் கையில் கொட்டினார். அப்படியே சீனி. உருண்டை பிடிக்கப் பார்த்தேன், விரலிடுக்கில் உதிர்ந்து போனது. "நான் வரமாட்டேன்" என்று இந்தியில் சொல்லிவிட்டு இறங்க ஆரம்பித்தார்.

"கருவி இருக்குண்ணா, மாட்டிக்கலாம்" என்றான் பையன். பத்துப் பேருக்கு மூன்று டிரான்ஸீவர் (பனியில் புதைந்தவர் எங்கே இருக்கிறார் என்று சிக்னல் வைத்துக் கண்டுபிடிக்கும் கருவி). ஒன்றின் மூடியைத் திறந்தால் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. புதைந்தவரைப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார், அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அபூர்வம். அதற்குத்தான் ஆளுக்கொரு டிரான்ஸீவர், குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வெட்டி மூன்றும். கம்பியும் மண்வெட்டியும் பையில் இல்லவே இல்லை. இதே மாவட்டத்தில் 2022 அக்டோபரில், மலையேற்றப் பயிற்சியில் இருந்தவர்களே 25 பேருக்கு மேல் பனிச்சரிவில் போனார்கள். நாங்கள் பாரூர் ஏரிக்கரையில் நடந்து பழகியவர்கள். பேசாமல் பெரியவர் பின்னாலேயே இறங்கிவிட்டோம்.

ஊருக்கு வந்து பணம் கேட்டதற்குப் பதில்: "அண்ணே, திரும்பி வந்தது நீங்க. இயற்கைக்கு நான் என்ன பண்ண?" இன்சூரன்ஸ் நகல் கேட்டேன். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. போன வருஷத் தேதி, யாரோ எட்டுப் பேர் பெயர், எங்கள் பெயர் எதுவுமில்லை.

பணம் கட்டும் முன்னாடியே பாலிசி நகலை உங்கள் பெயரோடு வாங்கிப் பாருங்கள். கைடு எங்கே பயிற்சி எடுத்தார் என்று கேளுங்கள். பனிச்சரிவு எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிவைப்பீர்களா, பணம் என்னாகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சண்டிகரில் இருக்கும் டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்புத்துறை ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் இமயமலை மாவட்டங்களுக்கு இந்த எச்சரிக்கையை வெளியிடுகிறது. எங்களைக் கூட்டிப்போனவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

நான் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன். அவர்களுக்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம்தான். ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், அந்த நோட்டீஸ் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நேற்று டீக்கடைச் சுவரில் அவருடைய புது போஸ்டர், அடுத்த பேட்ச் டிசம்பரில் கிளம்புகிறதாம். அதில் சிவப்பு ஜாக்கெட்டில் சிரித்துக்கொண்டு நிற்பது என் மச்சான்.