டில்ட் ரிலே செக் பண்ண எது பெஸ்ட்டு: டிக் சத்தமா, மாத்திப் போடுறதா, மல்டிமீட்டரா?

அவுட்போர்டுல (படகு பின்னாடி மாட்டுற இன்ஜின்) டில்ட், அதாவது இன்ஜினை மேல தூக்கி கீழ இறக்குற அமைப்பு, கீழ இறங்குது, மேல பட்டனை அமுக்குனா மட்டும் சும்மா கிடக்குதுன்னா டில்ட் மோட்டாரும் பேட்டரியும் உசிரோட இருக்குன்னு அர்த்தம், ஏன்னா ரெண்டு பக்கமும் சுத்துறது அதே மோட்டார்தான். மிச்சம் ஸ்விட்ச்சு, வயரு, ரிலே (சின்ன கரண்ட் காயில்ல போனா உள்ள கான்டாக்ட் ஒட்டி பெரிய கரண்டை விடுற ஸ்விட்ச்சு; மேல போக ஒண்ணு, கீழ வர ஒண்ணு). ரிலேயைப் பிடிக்க நாலு வழி சொல்றாங்க, நாலும் ஒரே தரம் கிடையாது.

காதை வச்சு டிக் சத்தம் கேக்குறது ஓசி வேலை, அஞ்சு செகண்ட்ல முடிஞ்சிரும். சத்தம் வரலைன்னா காயிலுக்கு கரண்ட் வரல, இல்ல காயிலே போயிருச்சு. சத்தம் வந்தா காயில் ஓகே, அவ்ளோதான். உள்ள கான்டாக்ட் கரியா இருந்தாலும் டிக்குனு அடிக்கத்தான் செய்யும்.

அடுத்தது எல்லாருக்கும் பிடிச்சது, ரெண்டு ரிலேயையும் இடம் மாத்திப் போடுறது. இதுலதான் நான் நல்லா ஏமாந்தேன். மேல போகல, மாத்திப் போட்டேன், இப்ப கீழ இறங்கல, ஆகா மேல இருந்த ரிலேதான் திருடன்னு அதைத் தூக்கிப் போட்டு புதுசு வாங்கி மாட்டுனா பிரச்சனை அப்படியே நிக்குது! காரணம் என்னன்னா, ரெண்டு ரிலேயும் சும்மா இருக்கும்போது மோட்டாரோட ரெண்டு வயரையும் நெகட்டிவ்லதான் பிடிச்சு வச்சிருக்கும். மேல அமுக்குனா ஒரு ரிலே மட்டும் பாசிட்டிவ்க்கு தாவும், கரண்ட் திரும்பி வர்றது சும்மா உக்காந்திருக்கிற கீழ் ரிலே வழியா. அந்த சும்மா இருக்கிற கான்டாக்ட் கெட்டுப்போனா மேல போகாது, மாத்திப் போட்டா கீழ போகாது, பாக்க அப்படியே எதிர் ரிலே கெட்ட மாதிரியே தெரியும். மாத்திப் போடுறது கோளாறு ரிலேலதான்னு சொல்லும், எந்த ரிலேன்னு சொல்லாது.

மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சுப் பாக்குறது இதுக்கு மேல. ரிலே காலுல நம்பர் போட்டிருக்கும்: 85, 86 காயில், 30 பொதுவான கால், 87ஏ சும்மா இருக்கும்போது ஒட்டுறது, 87 காயில் இழுத்தா ஒட்டுறது. ரிலேயைக் கழட்டி 85, 86 நடுவுல வச்சா 12 வோல்ட் காயில் பெரும்பாலும் 70லருந்து 100 ஓம்ஸ்குள்ள காட்டும், 30க்கும் 87ஏக்கும் நடுவுல பூஜ்யம் பக்கத்துல காட்டணும், காயிலுக்கு 12 வோல்ட் குடுத்தா 30க்கும் 87க்கும் நடுவுல பூஜ்யம் வரணும். சில ரிலேல நம்பர் இருக்காது, வயரு மட்டும் நீட்டிட்டிருக்கும், அதுக்கு மேனுவல்தான் கதி. ஆனா மீட்டர் அனுப்புற கரண்ட் ரொம்ப ரொம்பக் கம்மி, மோட்டார் இழுக்கிறதோ பத்துக்கணக்கான ஆம்பியர். கான்டாக்ட்ல ஊசி முனை அளவு ஒட்டிட்டிருந்தாலும் மீட்டர் பாஸ் போட்டுரும்.

அதனால என் ஓட்டு நாலாவதுக்குத்தான்: எதையும் கழட்டாம, பட்டனை அமுக்கிட்டே வோல்டேஜ் பாக்குறது. மீட்டரோட கருப்பு முனை பேட்டரி நெகட்டிவ்ல, சிவப்பு முனை மோட்டார் வயர்ல (நெறைய மோட்டார்ல நீலம் மேல, பச்சை கீழ, உங்களது என்னன்னு பாத்துக்கோங்க). மேல அமுக்கும்போது நீலத்துல 12 கிட்ட வரணும், பச்சைல பூஜ்யம் கிட்ட. நீலத்துலயே வரலைன்னா மேல் ரிலேயோ அதுக்கு வர்ற சப்ளையோதான் கோளாறு. ரெண்டுலயும் 12 காட்டுச்சுன்னா கரண்ட் மோட்டாரைத் தாண்டி வந்து கீழ் ரிலே வாசல்ல முட்டிட்டு நிக்குது, அந்த ரிலேயோ அதோட எர்த்தோதான் குத்தவாளி. நான் புதுசு வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பண்ணியிருக்கணும், சரி விடுங்க.

மோட்டார் ஓடுது ஆனா நொண்டுதுன்னா, அமுக்கிட்டே ரிலே உள்ள போற முனைக்கும் வெளிய வர்ற முனைக்கும் நடுவுல மீட்டரை வோல்ட்ஸ்ல வைங்க. 0.2 வோல்ட் சுத்தி இருந்தா நல்லது, 1 வோல்ட் தாண்டுனா கான்டாக்ட் கருகிருச்சு, 40 ஆம்பியர் போற இடத்துல 1 வோல்ட்டுன்னா 40 வாட்ஸ் சூடு அந்த குட்டி டப்பாக்குள்ள.

ஸ்க்ரூடிரைவரை ரிலே முனைகளுக்கு குறுக்க வச்சு பொறி பறக்க விடுற ஆளுங்களும் இருக்காங்க, பெட்ரோல் வாசனை இருக்கிற இடத்துல அது வேணவே வேணாம். அவுட்போர்டு மேல தூக்கி நிக்குதுன்னா, அது கீழ விழாம பிடிக்கிற டில்ட் லாக்கைப் போட்டுட்டு கை வைங்க.

இன்னொண்ணு, ரிலேயைப் பிடுங்கும்போது சாக்கெட்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. பின்னு பச்சை பூத்திருந்தா புது ரிலேயும் ரொம்ப நாள் தாங்காது, கழட்டி மேஜை மேல வச்சு ஓம்ஸ் பாக்குறவங்க கண்ணுக்கு அது மாட்டவே மாட்டாது.