பருவை நெரிப்பதா, மருந்து பூசிக் காத்திருப்பதா?

ஏ9 வீதியோரம், மாங்குளத்துப் பக்கம் ஒரு பார்மசியில் நான் வேலை செய்கிறேன். வைகாசி, ஆனியில் சோளகம் அடிக்கத் தொடங்கியதும், புழுதிக்காக முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டு சைக்கிளில் வரும் பிள்ளைகள் கூடுவார்கள். ரியூசன் விட்டு வந்து, கடையில் ஆட்கள் குறையுமட்டும் வாசலிலேயே நிற்பார்கள். பிறகுதான் மெல்லக் கேட்பார்கள்: "அக்கா, இந்த அடையாளத்துக்கு ஏதும் இருக்கோ?"

பருவுக்கு மருந்து கேட்பவர்களை விட அடையாளத்துக்குக் கேட்பவர்கள்தான் கூட. துப்பட்டாவை விலக்கியதுமே விசயம் விளங்கிவிடும். நடுவில் சின்னப் பள்ளம், அதன் இரண்டு பக்கமும் பிறை மாதிரி நகம் பதிந்த கோடு. பரு தானாக வந்தது. அந்தக் கோடு கண்ணாடிக்கு முன்னால் நின்று போட்டது.

நெரிப்பவர்களை நான் ஏசுவதில்லை. பதினாறு வயதில் நானும் நெரித்தேன், இடது கன்னத்தில் அந்தக் குழி இன்னும் இருக்கிறது. நெரித்தால் உடனே ஒரு சுகம் கிடைக்கும். இறுக்கம் விடும், வெள்ளை முனை போய்விடும், நாளைக்குக் கோயிலுக்குப் போகலாம் என்று மனம் ஆறும். ஆனால் உள்ளே நடப்பது வேறு. ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. செத்த தோல் செதிலும் எண்ணெயும் திரண்டு அதன் வாயை அடைக்க, உள்ளே பற்றீரியா பெருகி வீங்குவதுதான் பரு. பை மாதிரி இருக்கும் அந்த மயிர்க்காலின் சுவர் மிக மெல்லியது. இரண்டு விரலால் அமத்தும்போது அமுக்கம் மேலே மட்டும் வராது, பக்கத்துக்கும் கீழுக்கும் போகும். சுவர் உள்ளுக்குள் வெடித்தால் சிதளும் எண்ணெயும் தோலின் ஆழத்தில் கசிந்து, அங்கே புதிதாக ஒரு வீக்கத்தைத் தொடக்கும். விட்டிருந்தால் ஒரு கிழமைக்குள் வற்றியிருக்கக்கூடிய பரு, விடியும்போது கச்சான் கொட்டை அளவில் சிவந்து கிடக்கும். நகத்தில் இருக்கும் கிருமியும் அதோடு சேரும்.

எங்கள் மாநிறத் தோலில் இன்னொரு சிக்கலும் உண்டு. காயப்பட்ட இடத்தில் தோல் நிறமியைக் கூடுதலாகச் சுரந்து கறுத்துப்போகும். அந்தக் கறுப்பு மறைய மாதக் கணக்காகும், சிலருக்கு ஒரு வருசமும் தாண்டும். மரநிழல் இல்லாத வீதியில் மத்தியான வெய்யிலில் சைக்கிள் ஓடும் பிள்ளைக்கு அது இன்னும் ஆழமாகக் கறுக்கும். கறுப்பாவது ஒருநாள் போகும், குழி போகாது.

மூக்கின் மேற்பகுதியிலிருந்து வாயின் இரண்டு ஓரங்களுக்கும் ஒரு முக்கோணம் கீறிப் பாருங்கள். அந்த இடத்து இரத்தக் குழாய்களுக்கு மூளைக்குக் கீழே உள்ள குழாய்களோடு தொடர்பு உண்டு. அங்கே பருவை நெரித்துக் கிருமி உள்ளே ஏறுவது மிக அரிது, ஏறினால் உயிராபத்து. நெரித்த பிறகு காய்ச்சல், கடும் தலையிடி, கண்ணைச் சுற்றி வீக்கம் என்று வந்தால் பார்மசிக்கு வரவேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

என் அம்மாவின் தாடையில் எறிகணைச் செல் துண்டு பட்ட தழும்பு இருக்கிறது. நான் கண்ணாடிக்கு முன்னால் நிற்பதைக் கண்டால், "எனக்கு உது கேளாமல் வந்தது பிள்ளை, நீ ஏன் தேடிப் போறாய்?" என்பா. அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது வாசலில் நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது அந்தச் சொல் நினைவுக்கு வருகிறது.

சரி, நெரிக்காமல் என்ன செய்வது? வீட்டில் முதலில் கிடைப்பது அடுப்படி மருந்து. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது. சந்தனமும் மஞ்சளும் பெரும்பாலானவர்களுக்குக் கெடுதி செய்யாது. சந்தனம் குளிர்த்தி தரும், மஞ்சளுக்கு வீக்கத்தைக் கொஞ்சம் தணிக்கும் குணம் உண்டு. ஆனால் அடைப்பைத் திறக்கும் வேலை இரண்டாலும் ஆகாது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு முதல்நாள் பூசி, மறுநாள் பரு மறையும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். தேசிக்காய்ப் புளி வேறு கதை, அதை முகத்துக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். அதன் அமிலம் எரிக்கும். அதைவிட, தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெய்யில் விழுந்தால் வெந்ததுபோலக் கொப்பளித்துக் கறுத்துப்போகும். பற்பசை பருவைக் காயவைப்பது போலத் தெரியும், சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்துப் பொசுக்கும். தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய் நெற்றியில் வழிந்து துவாரங்களை அடைக்கும். நெற்றியில் மட்டும் பொடிப்பொடியாகப் பரு வருபவர்கள் எண்ணெயைக் குறைத்து, தலைமயிரை நெற்றியில் படாமல் இழுத்துக் கட்டிப் பார்க்கலாம்.

நெரிப்பதை விட எனக்குப் பயம் தருவது வெள்ளையாக்கும் கிறீம். மூடியில் மருந்தின் பெயரோ உள்ளே என்ன இருக்கிறது என்ற விபரமோ இல்லாமல் பான்சிக் கடைகளில் விற்பது. பூசி ஒரு கிழமையில் பரு அடங்கி முகம் பளிச்சென்று ஆகும், எல்லாருக்கும் சந்தோசம். அப்படி வேகமாக வேலை செய்வதில் பெரும்பாலும் பெற்றாமெதசோன் போன்ற ஸ்ரீரொயிட் கலந்திருக்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, சிவந்த இரத்தக் குழாய்கள் தெரியும், நிறுத்தினால் முன்னரிலும் மோசமாகப் பரு கிளம்பும். சிலவற்றில் பாதரசமும் இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரு பிள்ளை அப்படியொரு கிறீமை எட்டு மாதம் பூசிவிட்டு, வெய்யிலில் நிற்க முடியாமல் முகம் எரிந்து அழுதபடி வந்தாள். நான் எதுவும் விற்கவில்லை, கிறீமையும் கையில் கொடுத்து வைத்தியரிடம் அனுப்பினேன்.

என்னிடம் கேட்டால், சாதாரண பருவுக்கு நான் முதலில் எடுத்துத் தருவது பென்சோயில் பெரொக்சைட் ஜெல். ரியூப்பில் 2.5, 5, 10 சதவீதம் என்று போட்டிருக்கும். கூடினது நல்லதென்று 10 கேட்பார்கள். 2.5 கிடைத்தால் அதுவே போதும். பலன் ஏறத்தாழ ஒன்றுதான், எரிச்சல் மிகக் குறைவு. அன்ரிபயோரிக் பூச்சுக்குப் பற்றீரியா பழகிவிடும், இதற்குப் பழகாது. முகத்தைச் சாதாரண சவர்க்காரம் போட்டு, அழுத்தித் தேய்க்காமல் கழுவி, ஒற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு பயற்றங்கொட்டை அளவு எடுத்து, பரு வரும் பகுதி முழுவதும் மெல்லியதாகப் பூச வேண்டும். முளைத்த பருவில் மட்டும் அப்பினால் அடுத்தது முளைப்பதைத் தடுக்காது. முதல் இரண்டு கிழமை ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில். தோல் கொஞ்சம் உரியும், பயப்பட வேண்டாம், வாசனை இல்லாத ஈரப்பத கிறீம் பூசலாம். நிறத் துணியை வெளுக்கும் என்பதால் தலையணைக்கு வெள்ளை உறை போடுங்கள். பலன் தெரிய ஆறிலிருந்து எட்டுக் கிழமை வேண்டும். பத்தாம் நாள் வந்து "வேலை செய்யேல்லை" என்று சொல்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பதும் அந்த எட்டுக் கிழமையைத்தான்.

துவாரம் அடைத்து வரும் கரும்புள்ளி, வெண்புள்ளி (பிளக்ஹெட், வைற்ஹெட்) அதிகமென்றால் 2 சதவீத சலிசிலிக் அமிலப் பூச்சு உதவும். அடபலீன் என்ற பூச்சு அடைப்பைத் திறப்பதில் இன்னும் வலுவானது, ஆனால் வைத்தியரைக் கேட்டுத்தான், கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

தொட்டால் நோகும் ஆழமான கட்டி, முதுகு நெஞ்செல்லாம் பரவிய பரு, குழி விழத் தொடங்கிய முகம் - இவற்றுக்கு ஜெல்லில் காசைக் கரைக்க வேண்டாம். பக்கத்து ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யில் காட்டினால் தோல் கிளினிக்குக்கு எழுதித் தருவார்கள், காசில்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை வரைக்கும் பஸ்ஸில் போய்வர ஒருநாள் போகும், அந்த ஒருநாள் பெறுமதியானது.

நாளைக்குக் கலியாணம், இண்டைக்கு மூக்கில் பரு என்றால்? ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி ஐந்து நிமிசம் வையுங்கள், எடுங்கள், கொஞ்சநேரம் கழித்துத் திரும்ப வையுங்கள். சிவப்பும் வீக்கமும் இறங்கும். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுப் படுங்கள்.

போன வருசம் அடையாளத்துக்கு மருந்து கேட்டு வந்த பிள்ளை ஒருத்தி ஒன்பதாம் கிழமை திரும்பி வந்தாள். புதுப் பரு இரண்டுதான், பழைய கறுப்பு மண்ணிறமாக இளகியிருந்தது. துப்பட்டா கழுத்தில் கிடந்தது. "இன்னொரு ரியூப் தாங்கோ அக்கா, தம்பிக்கு. அவன் இப்ப கண்ணாடிக்கு முன்னாலதான் நிக்கிறான்" என்றாள்.