ஃபிளைட் ஸ்ட்ரீம் 510: டேப்லட்டில் போட்ட பாதையில் ஆட்டோபைலட் போகுமா?

கோலாலம்பூர் பக்கத்துச் சுபாங்கில் நாங்கள் நான்கு பேர் பங்கு போட்டு வைத்திருக்கும் சின்ன விமானமான செஸ்னா 172-இல், டேப்லட்டில் போட்ட பாதையை விமானத்துக்கு அனுப்பும் கார்மினின் ஃபிளைட் ஸ்ட்ரீம் 510 போட்டு ஏழு மாதம் ஆகிறது. வாங்கலாமா என்று நிறைய பேர் கேட்டுவிட்டார்கள். வாங்கலாம். ஆனால் அது எதைச் செய்யும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள், ஏனென்றால் எங்களுக்கு அது ஈப்போவுக்கு மேலே பறந்துகொண்டிருக்கும்போதுதான் தெரிய வந்தது.

பொருள் ரொம்பச் சின்னது. கொஞ்சம் பெரிய தபால்தலை அளவில் ஒரு மெமரி கார்டு, அவ்வளவுதான். புளூடூத், வைஃபை இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. விமானத்தில் இருக்கும் ஜிடிஎன் 650 என்ற ஜிபிஎஸ் வழிகாட்டிக் கருவியின் முகப்பில் கார்டு செருகும் இடத்தில் செருகினால் போதும், தனியாக வயர் இழுக்க வேண்டியதில்லை. ஜிடிஎன்னின் மென்பொருள் பழையதாக இருந்தால் மட்டும் முதலில் பட்டறைக்குக் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். விலை ஆயிரம் அமெரிக்க டாலருக்கு மேல், வெள்ளியில் கணக்குப் போட்டால் தனி ஆளுக்குக் கனமான செலவுதான். நால்வர் என்பதால் தாங்கினோம். டேப்லட்டில் பாதை போடும் செயலியாகக் கார்மின் பைலட் வைத்திருந்தாலும் சரி, ஃபோர்ஃபிளைட் வைத்திருந்தாலும் சரி, இரண்டோடும் பேசும். ஃபோர்ஃபிளைட் ஐபேட், ஐபோனில் மட்டும்தான் கிடைக்கும், ஆண்டிராய்டு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

இதனால் என்ன லாபம் என்று கேட்டால், நம் ஊர் வெயிலில் விமானத்துக்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். முன்பெல்லாம் என்ஜினை ஓடவிட்டு, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்க, அந்தச் சின்னத் திரையில் விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிப் பாதையைப் போடுவோம். இப்போது முதல் நாள் இரவே வீட்டில் உட்கார்ந்து டேப்லட்டில் பாதை போட்டுவிடுகிறேன். காலையில் பசியாறிவிட்டு வந்து, மின்சாரத்தைப் போட்டதும் இரண்டும் தானாகச் சேர்ந்துகொள்ளும், அனுப்பு என்று தட்டினால் ஜிடிஎன்னில் ஒரு பாதை வந்திருப்பதாக அறிவிப்பு வரும். திறந்து பார்த்து, சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். வானத்தில் கட்டுப்பாட்டு அறை பாதையை மாற்றச் சொன்னால் ஜிடிஎன்னில் மாற்றிவிட்டு அதையே டேப்லட்டுக்கும் இழுத்துக்கொள்ளலாம். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது, அதற்கும் இந்தக் கார்டு வழியாகவே இருப்பிடம் கிடைத்துவிடுகிறது. இதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அப்புறம் ஆட்டோபைலட் விஷயம். எங்கள் விமானத்தில் இருப்பது கேஏபி 140, அந்தக் காலத்து 172-களில் நிறைய பார்க்கலாம். டேப்லட் ஜிடிஎன்னோடு பேசும், ஜிடிஎன் ஆட்டோபைலட்டோடு பேசும், டேப்லட்டுக்கும் ஆட்டோபைலட்டுக்கும் நேரடிப் பேச்சே கிடையாது. இது வரைக்கும் எங்களுக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், ஜிடிஎன்னிடமிருந்து எங்கள் கேஏபி 140 வாங்கிக்கொள்வது, கோட்டிலிருந்து இடப்பக்கம் எவ்வளவு, வலப்பக்கம் எவ்வளவு விலகியிருக்கிறோம் என்ற ஒரே செய்தியை. பாதை எத்தனை பாகையில் போகிறது என்பதை அது திசைகாட்டியில் நாம் கையால் திருப்பி வைக்கும் ஹெடிங் பக் என்ற குறியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். பாதையைப் பிடிக்கச் சொல்லும் நேவ் பொத்தானை அழுத்தினால் ஐந்து விநாடிக்கு ஹெடிங் என்ற எழுத்து மின்னும், பக்கைப் பாதையின் திசைக்குத் திருப்பு என்று அதற்கு அர்த்தம். ஹெச்எஸ்ஐ, அதாவது திசைகாட்டியும் பாதை ஊசியும் ஒன்றாக இருக்கும் கருவி, இல்லாமல் கேஏபி 140 மட்டும் உள்ள விமானங்களில் இதுதான் கதை.

முதல் பயணம் சுபாங்கிலிருந்து ஈப்போ வழியாகப் பினாங்கு. ஈப்போ வரைக்கும் ஏறக்குறைய 342 பாகை, அங்கிருந்து பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸுக்கு 312. முதல் 90 கடல் மைலும் அருமையாகப் போனது, விலகலைக் காட்டும் ஊசி நடுவை விட்டு அசையவில்லை. ஈப்போ வந்தது, ஜிடிஎன் அடுத்த கட்டத்துக்கு மாறியது, டேப்லட்டிலும் அடுத்த கோடு வண்ணம் மாறியது. பக்கத்தில் இருந்த தம்பி, “அண்ணே, ஈப்போ தாண்டியாச்சு, ஏன் சரியா திரும்பல?” என்றார். பக் இன்னும் 342-லேயே நின்றுகொண்டிருந்தது. விமானம் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, ஊசியைப் பிடிக்கப் பார்த்து, பிடிக்க முடியாமல் கோட்டுக்கு வலப்பக்கமாகவே, அதாவது மலைகள் இருக்கும் பக்கமாகவே ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது. வெளியே நன்றாகத் தெரிந்த நாள், உயரமும் போதுமான அளவு இருந்தது, ஆபத்து ஒன்றும் இல்லை. பக்கை 312-க்குத் திருப்பியதும் ஒரு நிமிடத்துக்குள் கோட்டுக்கு வந்துவிட்டது. மேகத்துக்குள் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பினாங்கில் நாசி கண்டார் தட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

மென்பொருளைப் புதுப்பித்துக் கொடுத்த பட்டறைமீது எனக்கு இதில் வருத்தம் உண்டு. இரண்டு நாள் என்று சொல்லி ஒன்பது நாள் வைத்திருந்ததைக்கூட விட்டுவிடலாம். “டேப்லட்டில் போட்டால் ஆட்டோபைலட் அப்படியே போகும்” என்று சொன்னவர்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் பக்கைத் திருப்ப வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இதற்குத் தீர்வு இருக்கிறது. கார்மின் ஜி5 என்ற சின்னத் திரைக் கருவியை ஹெச்எஸ்ஐ ஆகப் போட்டு, கூடவே ஜிஏடி 29பி என்ற சின்னப் பெட்டியையும் சேர்த்தால், ஜிடிஎன் சொல்லும் திருப்பத்தை அது ஆட்டோபைலட்டுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும். ஆட்டோபைலட்டை ஹெடிங்கில் வைத்து, ஜி5-இல் ஜிபிஎஸ்எஸ் என்ற, ஜிபிஎஸ் சொல்லும் திருப்பத்தைப் பின்பற்றும் முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும், புள்ளி வருவதற்கு முன்பே திரும்ப ஆரம்பித்து அடுத்த கோட்டில் வழுக்கிக்கொண்டு சேரும். எஸ்டெக் 55எக்ஸ் ஆட்டோபைலட் வைத்திருப்பவர்களுக்கு ஜிபிஎஸ்எஸ் அதிலேயே இருக்கிறது, நேவ் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் வரும். ஆக, பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், கேஏபி 140 வைத்திருப்பவர் முதலில் ஜி5-உம் அந்தப் பெட்டியும் வாங்கட்டும், ஃபிளைட் ஸ்ட்ரீம் பிறகு வரட்டும்.

வந்த பாதையைத் திறந்து பார்க்காமல் ஏற்றுக்கொள்ளும் பழக்கம் வேண்டவே வேண்டாம். 1995 டிசம்பர் 20-இல் கொலம்பியாவின் காலி நகரில் இறங்க வந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965-இல், ரோசோ என்ற புள்ளிக்காக ஆர் என்று கணினியில் போட்டார்கள், அது போகோட்டா பக்கம் இருந்த ரோமியோ என்ற புள்ளியை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பியது, மலையில் மோதி 159 பேர் இறந்தார்கள். பாதையைத் தட்டிப் போட்டாலும் புளூடூத்தில் அனுப்பினாலும் இது பொதுதான். எங்களில் ஒருவர் டேப்லட்டைப் பார்த்துப் புள்ளியின் பெயர், பாகை, தூரம் மூன்றையும் வாய்விட்டுப் படிப்பார், மற்றவர் ஜிடிஎன்னில் விரல் வைத்துச் சரிபார்ப்பார். இரண்டு நிமிடம்கூட ஆகாது. புள்ளிகள், பாதைகளின் தரவு 28 நாளுக்கு ஒருமுறை மாறுவதால், டேப்லட்டிலும் ஜிடிஎன்னிலும் ஒரே சுற்றுத் தரவு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுகிறோம்.

வீட்டில் கட்டிய விமானங்களில் வேறு வழியும் உண்டு. சில டேப்லட் செயலிகள் என்எம்இஏ 0183 என்ற வடிவில் இருப்பிடம், பாதைத் தகவல் வரிகளைத் தொடர்ந்து அனுப்பும், சில ஆட்டோபைலட்டுகள் அவற்றை நேரடியாக வாங்கிக்கொள்ளும். செலவு குறைவு. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை, காரணம் சூடு. ஐபேடுக்கு 35 டிகிரி வரைதான் என்று ஆப்பிளே சொல்கிறது, நண்பகலில் நம் விமானக் கண்ணாடிக்குக் கீழே அதெல்லாம் ஒரு கணக்கே இல்லை. லங்காவியிலிருந்து திரும்பும்போது எங்கள் டேப்லட் சூடாகித் திரை கறுத்துவிட்டது. பாதை ஜிடிஎன்னுக்குள் இருந்ததால் ஆட்டோபைலட்டுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை, காற்றுத் துவாரத்துக்கு நேராக டேப்லட்டைப் பிடித்துக் குளிரவைத்துவிட்டு மறுபடி சேர்த்துக்கொண்டோம். ஃபிளைட் ஸ்ட்ரீமுக்கு நான் பணம் கொடுத்ததற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஜி5-உம் ஜிஏடி 29பி-யும் அடுத்த வருடாந்திரச் சோதனையின்போது போடுவதாக நால்வரும் பேசி முடித்துவிட்டோம். அது வரைக்கும் முழங்கால் பலகையில் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருக்கும், அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் நேரே அடுத்த பாகை பென்சிலில் எழுதியிருக்கும், பக்கைத் திருப்பியவர் அந்த எண்ணை அடித்துவிட வேண்டும்.